நரிப் பொந்துக்கு அளவெடுத்த நாய்

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேரும் எல்லையில் செவியட் குன்றுகள் இருக்கின்றன. ஆடு வளர்ப்பவர்களின் சீமை அது. குட்டிகளைத் தூக்கிப்போகும் நரியை அந்நாளில் வேட்டைநாய்களோடு குதிரைகளில் துரத்துவார்கள். நரியோ பாறையிடுக்கிலோ மண்பொந்திலோ புகுந்துவிடும். அதற்குமேல் பெரிய நாய்களால் ஒன்றும் ஆகாது. உள்ளே போய் அதைக் கிளப்பிவிட ஒரு சின்ன நாய் வேண்டும். அந்தச் சின்ன நாயும் குதிரைகளுக்குப் பின்னாலேயே மேடு பள்ளம் தாண்டி ஓடி வந்திருக்க வேண்டும்!

கால் குட்டையானால் ஓட முடியாது. மார்பு பருத்தால் நுழைய முடியாது. இந்த இழுபறியில் உருவானதுதான் பார்டர் டெரியர். ஆண் நாயே ஆறேழு கிலோதான் இருக்கும். உடம்புக்குக் கால் சற்று நீளம், மார்பு ஒடுக்கம். பிரிட்டனின் கென்னல் கிளப் 1920-இல் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. கண்காட்சிகளில் நடுவர்கள் தோளுக்குப் பின்னால் இரு கைகளாலும் மார்பை வளைத்துப் பிடித்துப் பார்ப்பார்கள். விரல்கள் சுற்றி வந்து தொட வேண்டும். நாடாவே தேவைப்படாத இந்த அளவை எனக்கு மிகவும் பிடித்தது; பொந்தின் வாயையே கைகளால் வரைந்து காட்டுவது போல இருக்கிறது.

தோலைப் பிடித்தால் தடிப்பாக, தளர்வாகக் கையோடு வரும். நரி கவ்வினாலும் பல் எளிதில் சதைவரை இறங்காது. தலை நீர்நாயின் தலையை ஒத்தது. மூக்கோரம் சிலிர்த்து நிற்கும் முரட்டு மீசைக்கு ஒரு மரபணுக் கதை உண்டு. நாய்களின் உரோமம் எத்தனையோ விதமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் மூன்றே மரபணுக்களின் சேர்க்கைதான் என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மீசையையும் புருவத்தையும் வளர்ப்பது அவற்றில் ஒன்றான ஆர்எஸ்பிஓ2-வில் நேர்ந்த மாற்றம். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குட்டிக்கு மீசை முளைத்துவிடும்.

இந்த இனத்துக்கென்று ஒரு விசித்திர நோயும் இருக்கிறது. நன்றாக நடந்துகொண்டிருக்கும் நாய் திடீரென்று விறைத்து நடுங்கும், தள்ளாடும். நினைவு மட்டும் தப்பாது. வெகுகாலம் இதை வலிப்பின் ஒரு வகையாகவே கருதினார்கள். பாதிக்கப்பட்ட நாய்களின் இரத்தத்தில் குளூட்டனுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதையும், கோதுமை போன்ற தானியங்களிலுள்ள அந்தப் புரதத்தை உணவிலிருந்து நீக்கியதும் அவை தேறியதையும் 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. உங்கள் பார்டர் டெரியருக்கு இப்படி நேர்ந்தால் கைப்பேசியில் படம்பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அது எதைத் தின்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.