அட்டையைத் திருப்ப அவசரம் வேண்டாம்!

கூடத்தில் குழந்தைக்கு ஆன்லைன் வகுப்பு நடக்கிறது. திரையில் ஒரு யானைப் படம். டீச்சர் ஒரு தட்டுத் தட்டியதும் அது திரும்பி 'எலிபென்ட்' என்று காட்டுகிறது. அடுத்த படம், அடுத்த சொல். ஐந்தே நிமிஷத்தில் இருபது அட்டைகள் ஓடிவிடுகின்றன. சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் உங்களுக்கும் பரம திருப்தி. மறுநாள் காலை கேட்டுப் பாருங்கள். பாதிச் சொற்களுக்குக் குழந்தை விட்டத்தைப் பார்க்கும்!

உடனே குழந்தையை மக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிளாஷ் கார்டைக் காட்டியதோடு நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை. அதை வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். விடை தெரிவதற்கு முன் குழந்தை தன் ஞாபகத்தில் அதைத் தேடித் துழாவ வேண்டும்.

2008-ல் ஜெப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு பரீட்சை செய்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலி மொழிச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லைச் சிலர் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தார்கள். வேறு சிலரிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு வாரம் சென்றது. கேட்கப்பட்டவர்களுக்கு நூற்றுக்கு 80 வீதம் ஞாபகம் இருந்தது. படித்தவர்களுக்கு 40 வீதம்கூட இல்லை! இதில் தமாஷ் என்னவென்றால், பாதியாவது ஞாபகம் இருக்கும் என்றுதான் எல்லோருமே எண்ணியிருந்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்?

படம் வந்ததும் டீச்சர் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணட்டும். முந்திரிக்கொட்டை போல ஒரு பிள்ளை கத்திவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அதனால் எல்லோரும் விடையை ஸ்லேட்டில் எழுதிக் காமிராவுக்கு நேராகப் பிடிக்கட்டும். அப்புறம் அட்டை திரும்பட்டும்.

ஒரே நாளில் உருப்போடுவதைவிட, நாள் விட்டு நாள் கேட்பது நல்லது. இதற்கு ஜெர்மன் மொழி எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் ஒரு யுக்தி சொன்னார். அறைகள் கொண்ட ஒரு பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், சில நாள் கழித்துத்தான் வெளியே வரும். தவறினால் மறுபடி முதல் அறைக்கே! 2006-ல் வந்த 'அங்கி' என்ற மென்பொருள், எந்த அட்டையை எந்த நாளில் கேட்பது என்ற கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஜப்பானிய மொழியில் 'அங்கி' என்றால் மனப்பாடம் என்று அர்த்தம்.

ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி போதும். அட்டையைக் குழந்தையே தயாரித்தால் இன்னும் விசேஷம். கண் களைத்துப் போனால், பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எழுதுங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் சொற்கள், வாய்ப்பாடு, தலைநகரங்கள் போன்றவற்றுக்குத்தான் அட்டை சரி. மழை ஏன் பெய்கிறது என்பதை நீங்கள் உட்கார்ந்து பேசித்தான் புரிய வைக்க வேண்டும்.

கடைசியாக, அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை யோசிக்கும்போது விடையைச் சொல்லிவிட உங்கள் நாக்குத் துடிக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னாலும் பாதகமில்லை. சரியான விடையைக் காட்டிவிட்டு, நாளைக்கு மறுபடி கேளுங்கள்!