ஓப்பல் (இரத்தினக்கல்)

ஓப்பல் என்பது நீர் கலந்த சிலிக்காவால் ஆன இரத்தினக்கல் ஆகும். வைரம், மாணிக்கம் போன்ற கற்களுக்கு உள்ள படிக அமைப்பு இதற்குக் கிடையாது. கல்லை அசைக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என வண்ணங்கள் மாறிமாறித் தோன்றுவது இதன் சிறப்பு. ஆஸ்திரேலியா 1993 ஆம் ஆண்டு இதைத் தன் தேசிய இரத்தினக்கல்லாக அறிவித்தது. ஓப்பல் நவரத்தினங்களுள் ஒன்று அன்று. மேலைநாடுகளில் அக்டோபர் மாதப் பிறப்புக்கல்லாகவும், இந்தியாவில் சுக்கிரனுக்குரிய வைரத்திற்கு மாற்றாகவும் இதனை அணிகின்றனர்.

நிறம் தோன்றும் விதம்

சிலிக்கா கரைந்த நீர் பாறை இடுக்குகளில் தேங்கி வற்றும்போது, சிலிக்கா மிக நுண்ணிய உருண்டைகளாகப் படிகிறது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவன ஆய்வாளர்கள் 1964 இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால் இந்த அமைப்பை விளக்கினர். பழக்கடையில் அடுக்கிய எலுமிச்சம்பழங்களைப் போல, ஒரே அளவுள்ள உருண்டைகள் வரிசையாக அமைந்திருக்கும். அவற்றின் விட்டம் ஏறத்தாழ 150 முதல் 300 நானோமீட்டர் வரை இருக்கும். இந்த அடுக்கில் ஒளி விளிம்பு விளைவுக்கு உள்ளாகி நிறங்களாகப் பிரிகிறது. சிறிய உருண்டைகள் நீல நிறத்தையே தரும். சிவப்புத் தோன்றப் பெரிய உருண்டைகள் வேண்டும். இதனால் சிவப்பு மிளிரும் கல்லுக்கு விலை அதிகம். உருண்டைகள் ஒழுங்கின்றிக் கிடந்தால் வண்ணம் தோன்றாது. அது சாதாரண ஓப்பல் எனப்படும்.

முக்கிய வகைகள்

கருப்பு ஓப்பல்: நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் லைட்னிங் ரிட்ஜ் பகுதி இதற்குப் பெயர்பெற்றது. அடிநிறம் இருண்டிருப்பதால் வண்ணங்கள் எடுப்பாகத் தெரியும். ஓப்பல்களில் விலை மிக உயர்ந்தது இதுவே.

வெள்ளை ஓப்பல்: தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் மிகுதியாகக் கிடைக்கிறது. அங்கு 1915 இல் ஓப்பல் கண்டுபிடிக்கப்பட்டது.

பாறை ஓப்பல்: குயின்ஸ்லாந்தில் கிடைப்பது. இரும்புச்சத்து மிகுந்த பாறையில் மெல்லிய படலமாக இருப்பதால், பாறையோடு சேர்த்தே வெட்டுவர்.

நெருப்பு ஓப்பல்: மெக்சிகோவில் கிடைக்கும் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறக் கல்.

எத்தியோப்பிய ஓப்பல்: வெல்லோ பகுதியில் 2008 முதல் எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் நீரை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்பட்டு இந்தியச் சந்தைக்கு வருகிறது.

முழுக்கல்லும் ஒட்டுக்கல்லும்

ஓப்பல் வாங்குவோர் ஏமாறக்கூடிய முக்கிய இடம் இது. மெல்லிய ஓப்பல் சீவலின் அடியில் கருப்புத் தகடு ஒட்டப்பட்டிருந்தால் அது டப்ளெட். அதன்மேல் கண்ணாடி, பளிங்கு அல்லது பிளாஸ்டிக் மூடியும் ஒட்டப்பட்டிருந்தால் அது டிரிப்ளெட். இரண்டிலும் இருப்பது உண்மையான ஓப்பலே. ஆனால் அளவு மிகக் குறைவு. 5 காரட் டிரிப்ளெட்டில் எடையின் பெரும்பகுதி மூடியும் அடித்தகடுமே. ஆகவே முழுக்கல்லுக்குரிய காரட் விலையை அதற்குக் கொடுப்பது வீண். ஒட்டுக்கல் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பதில் தவறில்லை.

கல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டிய இடம் நேர்க்கோடாகத் தெரியும். இயற்கையான பாறை ஓப்பலிலும் இத்தகைய எல்லை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நெளிந்து காணப்படும். அடிப்புறம் மூடிய நகையில் இச்சோதனை இயலாது. எனவே கல்லைத் தனியாகப் பார்த்து வாங்கிப் பின்னர் நகையில் பதிப்பதே பாதுகாப்பு.

ஆய்வகத்தில் செய்யப்படும் ஓப்பல் 1970களிலிருந்து விற்பனையில் உள்ளது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அதன் வண்ணத் திட்டுகள் பல்லித்தோல் போன்ற வலைப்பின்னலாகத் தெரியும். "ஓப்பலைட்" என விற்கப்படுவது பெரும்பாலும் பால்நிறக் கண்ணாடியே. எத்தியோப்பியக் கற்களைப் புகையூட்டியோ சாயமேற்றியோ கருப்பாக்குவதும் உண்டு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. கல்லைக் கடை விளக்கின் கீழ் மட்டுமன்றிப் பகல் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும்.

2. கல்லைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எல்லாக் கோணங்களிலும் வண்ணம் தெரியும் கல்லே சிறந்தது.

3. நுண்ணிய விரிசல்கள் உள்ளனவா என்று உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும்.

4. முழுக்கல்லா, ஒட்டுக்கல்லா, இயற்கையா, செயற்கையா, சாயமேற்றியதா என்பதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

5. பிஐஎஸ் ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கே உரியது. கல்லுக்கு அது சான்றாகாது. விலையுயர்ந்த கல்லாயின் இரத்தினவியல் ஆய்வகச் சான்றிதழ் கேட்க வேண்டும்.

பராமரிப்பு

ஓப்பலின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 5.5 முதல் 6.5 வரை. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. ஆகவே தெருப்புழுதி படிந்த கல்லை உலர்துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழலாம். அன்றாடம் அணிய மோதிரத்தைவிடப் பதக்கமும் தோடுமே ஏற்றவை.

முழுக்கல்லான ஆஸ்திரேலிய ஓப்பலை இளஞ்சூட்டு நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவலாம். ஒட்டுக்கல்லை நீரில் ஊறவைத்தால் பசை நெகிழ்ந்து கல் மங்கும். நீர் உறிஞ்சும் எத்தியோப்பியக் கல் நனைந்தால் வண்ணம் மறையும். மெல்ல உலர்ந்தபின் பெரும்பாலும் திரும்பும். ஆனால் எண்ணெய், மஞ்சள், வாசனைத் திரவியம் ஆகியவை உள்ளே இறங்கினால் கறை நிலைத்துவிடலாம். ஓப்பலை எண்ணெயில் ஊறவைத்துப் பாதுகாக்கலாம் என்பது தவறான நம்பிக்கை.

திடீர்ச் சூட்டில் ஓப்பல் வெடிக்கும். எனவே நகையைப் பற்றவைத்துப் பழுதுபார்க்கும் முன் கல்லைக் கழற்றிவிடுமாறு பொற்கொல்லரிடம் சொல்ல வேண்டும். மீயொலிக் கருவியில் இதனைச் சுத்தம் செய்யக்கூடாது.