கரை முதலா, வீடு முதலா?

வீடு வாங்கும் உழைப்பாளி என்னென்ன பார்ப்பான்? சுவரைத் தட்டிப் பார்ப்பான். குழாயைத் திருகிப் பார்ப்பான். பஸ் எங்கே நிற்கும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பான். பிறகு முப்பது ஆண்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவான். இரண்டு மைலுக்கு அப்பால் நிற்கிறதே ஒரு மண்கரை, அதன் அடியிலே இருப்பது களியா, மணலா என்று கேட்பானா? மாட்டான். கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்காது. அவனுக்காக அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது அரசு.

அரசு கேட்காமலிருந்தால் என்ன ஆகும், கேட்கத் துணிந்தவர்கள் கதி என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமே சாட்சி. பணத்துக்குப் பஞ்சமில்லை அங்கே. பொறியியல் அறிவுக்கும் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட இடத்திலேயே இந்தக் கூத்து நடந்தது என்பதால்தான் எழுதுகிறேன்.

மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோ, இரண்டு ஆறுகள் கூடுமிடம். நகருக்கு வடக்கே நாட்டோமாஸ் என்றொரு பள்ளம். 53,000 ஏக்கருக்கு மேல். சுற்றிலும் 42 மைல் நீளத்துக்குக் கரை. தாம்பாளத்துக்கு விளிம்பு இருப்பதுபோலக் கரை. தாம்பாளத்தின் நடுவே ஊர். இந்தக் கரையைப் போட்டது யார்? ஊரைக் காக்க வந்த உத்தமர்களா? இல்லை! ஆற்றுப் படுகையை வாரித் தங்கம் எடுத்த ஒரு கம்பெனி, சதுப்பைச் சாகுபடி நிலமாக்கி விற்பதற்காக 1910-களில் போட்ட கரை அது. வயலுக்குப் போட்ட வேலி. வயல் மூழ்கினால் ஒரு போகம் போகும். பிற்காலத்தில் அதே வேலிக்குள் மனிதர்களைக் குடிவைத்தார்கள்.

1986 பிப்ரவரியில் பெருவெள்ளம். தண்ணீர் கரையின் தலைவரை வந்து திரும்பியது. பதறிப்போய்ப் பழுது பார்த்தார்கள். 1998-இல் ராணுவப் பொறியாளர் படை, “நூறாண்டு வெள்ளத்தைக் கரை தாங்கும்” என்று சான்று வழங்கியது. அவ்வளவுதான், வயல்களில் மனைக்கல் முளைத்தது! ஆயிரம் ஆயிரமாக வீடுகள். உள்ளே குடியிருப்போர் தொகை ஒரு லட்சத்தை நெருங்கியது. எட்டே ஆண்டுகள் கழித்து, 2006-இல், அதே பொறியாளர் படை தன் சான்றுக்குப் பொறுப்பேற்க முடியாது என்று கைவிரித்தது. கரையின் அடிமண்ணை மறுபடி ஆராய்ந்தபோது பழைய கணக்கு நிற்கவில்லை.

நூறாண்டு வெள்ளம் என்ற சொல்லே ஒரு மயக்கமருந்து. ‘போன வருஷம் வந்துவிட்டது, இனி நம் பேரன் காலத்தில்தான்’ என்று எண்ண வைக்கும் சொல் அது. அதன் பொருள் வேறு: ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது ஆண்டுக் கடன் அடைவதற்குள் அந்த வெள்ளம் ஒருமுறையேனும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26. நான்கில் ஒன்று! வீடு விற்ற தரகன் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருப்பான் என்று நினைக்கிறீர்களா?

சரி, கரை எப்படி உடைகிறது? தண்ணீர் மேலே வழிந்தால்தான் உடையும் என்று நகரத்துப் படிப்பாளி நினைப்பான். நம் காவிரிக் கரையில் இரவுக் காவல் இருந்த விவசாயிக்கு வேறு விஷயம் தெரியும்: மேலே வழிவதைவிடக் கீழே கசிவது பொல்லாதது. கலிபோர்னியாவிலும் அதுவேதான். 1850-களிலிருந்து தங்கத்துக்காகத் தண்ணீர்ப் பீரங்கி வைத்து மலைகளையே கரைத்தார்கள். 1884-இல் நீதிமன்றம் தடுக்கும்வரை அந்த மண்ணும் மணலும் ஆற்றில் இறங்கி, படுகை மேடேறியது. அந்த மணலையே வாரிப் பல கரைகளைப் போட்டார்கள். வெள்ளம் ஏறும்போது ஆற்றின் அழுத்தம் கரைக்கு அடியே மணல் வழியாகப் பாய்கிறது. ஊர்ப் பக்கம் கொப்புளம்போல ஊற்று கிளம்புகிறது. ஊற்றோடு மணலும் வருகிறது. உள்ளே பொந்து விழுகிறது. பிறகு கரை உட்காருகிறது.

யூபா ஆற்றின் கரையிலுள்ள லிண்டா என்ற ஊரில், 1986 வெள்ளம் உச்சத்தைத் தாண்டிவிட்டது. மக்கள் மூச்சுவிட்டார்கள். அதற்குப் பிறகு உடைந்தது கரை! வீடிழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வாதிகள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். பழைய கரை, நாங்கள் கட்டியதல்ல என்றது மாநில அரசு. 2003-இல் மேல்முறையீட்டு மன்றம் சொன்னது: கட்டியது யாராக இருந்தாலும் சரி, உன் வெள்ளத் தடுப்பில் ஒன்றாக ஏற்றுக்கொண்டாய் அல்லவா? பொறுப்பு உன்னுடையதே! முடிவில் அரசு ஒத்துக்கொண்ட தொகை 46 கோடி டாலருக்கு மேல். 1986-இல் வீடிழந்த வாலிபன் ஈட்டுத்தொகையைக் கையில் வாங்கியபோது நடுவயதுக்காரன்.

இதிலிருந்து பாடம் படித்தார்களா? மாநிலத்தின் கரைகளுக்குப் பொறுப்பான மீட்பு வாரியம், வெள்ளப் பள்ளங்களில் புதுக் குடியிருப்புகளை இனிக் கடுமையாகப் பரிசீலிப்போம் என்று பேசத் தொடங்கியது. 2005 ஆகஸ்டில் காத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் கரைகள் உடைந்து, ஊரே மூழ்கியது. அந்த ஈரம் காயவில்லை. செப்டம்பர் மாதத்திலேயே ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் வாரிய உறுப்பினர்கள் அத்தனை பேரையும் மாற்றினார்! தமக்கு வேண்டியவர்களை அமர்த்த ஆளுநருக்கு உரிமை உண்டு என்றார்கள். உண்டு, மறுக்கவில்லை. கேள்வி கேட்டவர்கள் போன நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் காத்ரினாவின் அச்சம் லேசில் விடவில்லை. 2006-இல் மக்கள் வாக்களித்து, வெள்ளத் தடுப்புக்கு 400 கோடி டாலருக்கு மேல் கடன்பத்திரம் எழுப்பச் சம்மதித்தார்கள். 2007-இல் சட்டம் வந்தது. நடுப் பள்ளத்தாக்கில் பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் நகரப் பகுதியில், வெள்ளம் மூன்றடிக்கு மேல் நிற்கக்கூடிய இடத்தில், புதுக் குடியிருப்புக்கு அனுமதி தருவதற்கு முன் இருநூறில் ஒன்று என்ற அளவுக்குக் காப்பு இருக்க வேண்டும். இருந்தால்தான் மனை. நல்ல சட்டம். முப்பது ஆண்டுக்கு அந்த 26 என்பது 14 ஆகிறது. பூஜ்யம் ஆகவில்லை, பாதியாயிற்று. நியாயமற்ற முறையில் வெள்ளப் பள்ளத்தில் புதுமனைக்கு அனுமதி தந்த நகரமும் நஷ்டத்தில் பங்கு கொடுக்க வேண்டும் என்று இன்னொரு சட்டமும் வந்தது.

சட்டத்தில் ஒரு திட்டிவாசலும் வைத்தார்கள். கரை முடியாவிட்டாலும், வேலையில் ‘போதிய முன்னேற்றம்’ இருப்பதாக எழுதிவைத்தால் அனுமதி தரலாம். வேலை முடிய அன்று வைத்த கெடு 2025. எது போதிய முன்னேற்றம்? திட்டம், நிதி, ஆண்டறிக்கை என்று அளவுகோல் உண்டு. ஆனால் மழை ஆண்டறிக்கையைப் படித்துவிட்டா பெய்யும்?

நாட்டோமாஸில் 2008 டிசம்பரில் மத்திய அரசின் வெள்ள வரைபடம் மாறியது. புதுவீடு கட்டுவது ஏறக்குறைய நின்றே போயிற்று. கரை வேலைக்காக மனை உரிமையாளர்கள் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். மத்திய அரசின் அங்கீகாரத்துக்குக் காத்திராமல் உள்ளூர் வாரியம் 18 மைல் கரையைச் சீர்செய்தது: பழைய கரையை ஒட்டி ஊர்ப்பக்கம் புதுக்கரை, அடியே மணலை ஊடறுத்துக் களிக்குழம்பு ஊற்றிய தடுப்புச் சுவர். மத்திய அரசின் முழு அங்கீகாரம் 2014-இல்தான் கிடைத்தது. 2015-இல் கட்டட வேலை மறுபடி தொடங்கியபோது, ஆண்டுக்கு ஆயிரம் தனிவீடு, ஐந்நூறு அடுக்குவீடு என்று நகரம் வரம்பு கட்டியது. ஏழாண்டு நிறுத்தம் கட்டடத் தொழிலாளிக்கு எத்தனை பட்டினி நாள் என்பதை மறக்கவில்லை நான். அந்தப் பட்டினிக்குக் காரணம் கரையைச் சோதித்தவர்களா, சோதிக்குமுன் மனை விற்றவர்களா?

இன்னொன்று. கரைக்குச் சான்று கிடைத்ததும், வீட்டுக்கடன் வாங்கியவன் வெள்ளக் காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. மிச்சம் என்று மகிழ்ந்து பலர் நிறுத்திவிடுவார்கள். கரை நிற்கும்வரை அது மிச்சம்தான்.

யூபா பக்கம், 1997 ஜனவரியில் ஃபெதர் ஆற்றின் கரை உடைந்து மூவர் மாண்டார்கள். அந்தப் பகுதியில் பிறகு புதுக்குடியிருப்பு எழுந்தபோது, வீடு கட்டுவோரும் கரைச்செலவில் பங்கு கொடுக்க நேர்ந்தது. அங்கே ஆற்றோடு மல்லுக்கட்டாமல், ஏறத்தாழ ஆறு மைல் நீளத்துக்குக் கரையையே பின்னால் தள்ளிப் போட்டார்கள். சுமார் 1,500 ஏக்கர் ஆற்றுக்கே திரும்பிப் போயிற்று. பழைய கரைக்கும் புதிய கரைக்கும் நடுவே யாருக்கும் மனை இல்லை. வெள்ளம் வந்தால் அங்கே பரந்து படுத்துவிட்டுப் போகிறது.