சாணிலிருந்து சென்டிமீட்டருக்கு

பிறப்புச் சான்றிதழ் வழக்கத்துக்கு வராத காலத்தில், ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு ஒரே ஒரு தேர்வுதான். வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொட வேண்டும். விரல் எட்டினால் சேர்க்கை, எட்டாவிட்டால், "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க." பிள்ளை வளர்ந்ததா என்று பார்க்கப் பிள்ளையின் கையே அளவுகோல்.

வீட்டிலும் அப்படித்தான். பாவாடைத் துணி முழக்கணக்கு, கோலிக்குண்டு ஆட்டத்தில் தூரம் சாண் கணக்கு. பள்ளிக்கூடத்தில் மட்டும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வாய்ப்பாடு: 12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு கஜம், 220 கஜம் ஒரு பர்லாங், 8 பர்லாங் ஒரு மைல். ஒரு மைலுக்கு எத்தனை அங்குலம் என்று வாத்தியார் கேட்டால், 63,360 என்று சொல்வதற்குள் பிள்ளைக்கு வேர்த்துவிடும்.

1956-இல் எடை, அளவைத் தரச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா புழக்கத்துக்கு வர, அடுத்தடுத்து கிலோவும் மீட்டரும் கடைக்குள் நுழைந்தன. பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. கிலோமீட்டரைச் சென்டிமீட்டராக்க ஐந்து பூஜ்யம் சேர்த்தால் போதும்: 1,00,000. மனப்பாடச் சுமையில் பாதி குறைந்தது.

இன்று தொடக்க வகுப்புகளில் பாடம் மறுபடியும் சாணில்தான் ஆரம்பிக்கிறது. ஒரே பெஞ்சை நான்கு பிள்ளைகள் சாண் போட்டு அளக்கிறார்கள். ஆளுக்கொரு விடை வருகிறது. "யார் சொல்றது சரி?" என்று சண்டை மூளும்போது டீச்சர் ஸ்கேலைக் கையில் கொடுக்கிறார். எல்லோருக்கும் பொதுவான அளவு எதற்கு என்பது அப்போது தானாகப் புரிகிறது.

தப்பு நேர்வதும் அந்த ஸ்கேலில்தான். பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்துக்கும் பூஜ்யக் கோட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். பிள்ளைகள் பென்சிலை ஓரத்தோடு ஒட்டி வைத்து அளப்பார்கள். சிலர் 1-இலிருந்து எண்ணுவார்கள். உடைந்த ஸ்கேலைக் கொடுத்து, 3-இல் தொடங்கி 11-இல் முடியும் பென்சிலின் நீளம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 8 செ.மீ. என்று சொல்கிற பிள்ளைக்கு அளவை புரிந்துவிட்டது. 11 என்கிற பிள்ளை எண்ணை வாசிக்க மட்டுமே கற்றிருக்கிறது.

அங்கன்வாடியில் அளவு இன்னும் நுட்பம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்க வைத்து நீளம் எடுக்கிறார்கள். அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். ஒரே குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும் என்பதால் இரண்டையும் கலக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வளர்ச்சி அளவுகளின்படி ஐந்து வயதுப் பையனின் நடுத்தர உயரம் 110 செ.மீ. காதை எட்டுகிறதா என்று பார்த்த காலத்தில் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை.

ஆனால் பேச்சு மட்டும் மாறவில்லை. தையல்காரர் இஞ்சில் அளக்கிறார், பூக்காரம்மா முழத்தில் விற்கிறார், உயரத்தைக் கேட்டால் நாமும் "அஞ்சரை அடி" என்கிறோம். இதில்தான் வம்பு. 5 அடி 6 அங்குலத்தைப் பலர் 5.6 அடி என்று எழுதுகிறார்கள். முன்னது 167.6 செ.மீ., பின்னது 170.7 செ.மீ. தமிழ்நாடு காவலர் தேர்வில் பெரும்பாலான பிரிவு ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ. இந்த மூன்று சென்டிமீட்டரில் ஒருவரின் வேலையே போய்விடும்.

பூவை முழத்தில் வாங்குவதில் தப்பில்லை. பிள்ளையின் உயரத்தை மட்டும் சென்டிமீட்டரில் சொல்லிப் பழக்குங்கள். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரோடு ஒட்ட நிற்க வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மீட்டர் முறையைக் கற்க இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.