கோர் அப்துல்லாஹ்: கோடு ஓரிடம், கப்பல் ஓரிடம்

ஈராக்குக்குத் தேயிலை அனுப்பும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "வாங்குவதற்கு ஆள் இருக்கிறது, கையில் காசும் இருக்கிறது. கப்பல் போகும் வழியைப் பற்றி ஈராக்கும் குவைத்தும் இழுபறிப்படுகின்றனவாமே, அது என்ன சங்கதி?" நமது தேயிலையைப் பெருமளவில் வாங்கும் நாடுகளில் ஈராக்கும் ஒன்று. ஆகவே இது அவருடைய தலையிடி மட்டுமல்ல.

வளைகுடாவின் வடமேற்கு மூலையில் கடல் ஒரு நீண்ட கழியாக நிலத்துக்குள் நுழைகிறது. அதுதான் கோர் அப்துல்லாஹ். ஒரு பக்கம் ஈராக்கின் ஃபாவ் தீபகற்பம். மறுபக்கம் குவைத்தின் புபியான், வர்பா தீவுகள். உள்ளே போனால் அது கோர் ஸுபைர் என்ற கழியுடன் சேர்கிறது. அங்கேதான் உம்மு கஸ்ர் துறைமுகம் இருக்கிறது.

அவ்வளவு பெரிய நாடான ஈராக்குக்குக் கடற்கரை அறுபது கிலோமீற்றர்கூட இல்லை. பஸ்ராவுக்குப் போகும் ஷத்துல் அரப் ஆறு ஈரானுடன் பங்கு. 1980 முதல் 1988 வரை நடந்த யுத்தத்தில் அந்த ஆறு மூழ்கிய கப்பல்களாலும் சேற்றாலும் அடைபட்டுப் போனது. மசகு எண்ணெய் கடலிலுள்ள மேடைகளிலிருந்தே ஏற்றப்படுகிறது. ஆனால் அரிசி, சீனி, தேயிலை, இயந்திரம் என்று கொள்கலனில் வரும் சரக்குக்கு உம்மு கஸ்ர்தான் பிரதான வாசல். அந்த வாசலுக்குப் போகும் முற்றமோ இருவருக்கும் பொது.

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்ததையும், அங்கு தொழில் செய்த நம்மவர்கள் உடுத்த உடையோடு திரும்பி வந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். யுத்தம் முடிந்தபின் ஐக்கிய நாடுகள் அமைத்த ஆணைக்குழு எல்லையை அளந்தது. 1993 மே மாதம் பாதுகாப்புச் சபை 833ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் அதை உறுதி செய்தது. கோர் அப்துல்லாஹ்வில் எல்லை நடுக்கோடாக விழுந்தது.

சிக்கல் அந்த நடுக்கோட்டில்தான் இருக்கிறது. புறக்கோட்டையில் எதிரெதிரே இரண்டு கடைகள் உள்ள ஒரு சந்தை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தின் நடுவே கோடு கீறி, ஆளுக்குப் பாதி என்று பிரித்தாயிற்று. ஆனால் ஒரு பாதியில் கான் ஓடுகிறது; நாட்டாமிமார் வண்டி தள்ளிப் போகக்கூடிய இடம் மற்றப் பாதியில் இருக்கிறது. கோடு நியாயமானதுதான், ஆனால் வண்டி கோட்டைப் பார்த்து ஓடாது. கப்பலும் அப்படியே, ஆழத்தைப் பார்த்துத்தான் ஓடும். ஆழமான பாதை குவைத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது ஈராக்கியரின் மனக்குறை. ஐ.நா. சொன்ன கோட்டை மதியுங்கள் என்பது குவைத்தின் பதில்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஷத்துல் அரபில் ஈரானுடன் 1975இல் செய்த உடன்படிக்கையில் எல்லை ஆழமான பாதை வழியாகவே வகுக்கப்பட்டது. அதை ஈராக் 1980இல் கிழித்தெறிந்தது. அங்கே ஆழக்கோடு கசந்தது, இங்கே நடுக்கோடு கசக்கிறது. தன் கணக்குக்கு ஒத்துவரும் முழக்கோலைத்தானே எவரும் விரும்புவார்!

எல்லையைப் பேசிக்கொண்டிருந்தால் கப்பல் நின்றுவிடும் என்று உணர்ந்து, 2012இல் இரு நாடுகளும் போக்குவரத்துக்கு மட்டும் தனி உடன்படிக்கை செய்தன. கூட்டுக் குழு ஒன்று பாதையைக் கவனிக்கும், எல்லைக்கோட்டை இது தொடாது என்று அதில் எழுதினார்கள். சொத்து யாருடையது என்ற வழக்கை ஒதுக்கி வைத்துவிட்டு வியாபாரத்தை நடத்தும் பங்காளிகளின் புத்தி அது. எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. அங்கே ஆற்றுச் சேறு ஓயாமல் படிகிறது. தூர்வாராமல் விட்டால் பாதை இருவருக்குமே இல்லாமற் போகும்.

2023 செப்டெம்பரில் ஈராக்கின் உச்ச சமஷ்டி நீதிமன்றம், பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இல்லாமல் நிறைவேறியது என்று கூறி, அந்த உடன்படிக்கையை அங்கீகரித்த சட்டத்தைச் செல்லாது என்றது. குவைத் கடுமையாக ஆட்சேபித்தது. அந்தத் தீர்ப்பால் 1993ஆம் ஆண்டின் கோடு அழிந்துவிடவில்லை. ஆட்டங் கண்டது போக்குவரத்து ஏற்பாடுதான்.

இரு பக்கமும் புதிய துறைமுகத் திட்டங்கள் வேறு. ஃபாவில் ஈராக் 2010இலும், புபியானில் குவைத் 2011இலும் அடிக்கல் நாட்டின. ஒரே கழியின் வாயில் இரண்டு பெரிய கடைகள்!

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். எப்.ஓ.பீ. விலையில் விற்றால் கப்பல் கூலியும் காப்புறுதியும் வாங்குபவர் பாடு. சீ.ஐ.எப். என்றால் இரண்டும் நமது பாடு. அந்தக் கடலில் பதற்றம் என்று செய்தி வந்தால் முதலில் ஏறுவது யுத்த ஆபத்துக் காப்புறுதிக் கட்டணம். அவரோ ஆறு மாதத்துக்கு ஒரே விலையில் சீ.ஐ.எப். எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த முறை ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனியாக விலை பேசச் சொல்லியிருக்கிறேன்.