கடல்மல்லைத் துறைமுகம்

மாமல்லபுரத்துச் சிற்ப வைபவத்தில் மனத்தைப் பறிகொடுக்கும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர், பல்லவ சாம்ராஜ்யத்தின் பிரதானத் துறைமுகமாகவும் காஞ்சிமாநகரின் கடல்வாயிலாகவும் ஒரு காலத்தில் விளங்கியது இவ்வூரே என்பதை நினையாமல் திரும்பிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நிதிக்குவியலும் யானைகளும் நவமணிகளும் சுமந்த மரக்கலங்கள் இத்துறையில் இயங்கியதைத் திருமங்கையாழ்வாரே பாடியிருக்க, வேறு சாட்சியம் எதற்கு?

நார்வே தேசத்துப் பெர்கன் நகரைப் போல மலைகள் அரணாய்ச் சூழ்ந்த ஆழ்துறை இங்கே இயற்கையாக அமையவில்லை. சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தன. அந்தப் படகோட்டிகளின் சாமர்த்தியம் சிற்பிகளின் கைத்திறனுக்குச் சற்றும் குறைந்ததன்று என்பதே என் அபிப்பிராயம்.

பதினேழாம் நூற்றாண்டில் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் நிலைகொண்டு, நெசவாளர் நெய்த மெல்லிய துணிகளை ஏற்றுமதி செய்தனர். 1782 பிப்ரவரியில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதியதும் இக்கடலிலேதான்.

இன்று வாணிபக் கப்பல்கள் சென்னைக்கும் எண்ணூருக்கும் சென்றுவிட, மல்லைக் கரையில் மீனவர் படகுகளே நிற்கின்றன. டச்சுக் கோட்டையை அடுத்த கல்பாக்கத்து அணுமின் நிலையமோ தன் இயந்திரங்களைக் குளிர்விக்க இதே கடலின் நீரையே எடுத்துக்கொள்கிறது.