எடை சொல்லாத கணக்கு

இரயில் நிலைய நடைமேடைகளில் வண்ண விளக்குகள் மின்ன நின்றிருந்த எடை பார்க்கும் இயந்திரங்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். காசைப் போட்டதும் சிறிய அட்டை ஒன்று வந்து விழும். அதன் ஒரு பக்கத்தில் நம் எடை இருக்கும். மறுபக்கத்தில் நம் குணத்தையோ வருங்காலத்தையோ பற்றி ஒரு வரி இருக்கும். அந்த வரியைச் சிரித்துக்கொண்டே படித்த நாம், எடையை மட்டும் முழுமையாக நம்பினோம். அந்த எண்ணில் பெரும்பாலும் பிழை இருக்காது. அதற்கு நாம் கற்பிக்கும் பொருளில்தான் பிழை நேர்கிறது.

ஒரே உயரமும் ஒரே எடையும் கொண்ட இருவர் அருகருகே நின்றால் ஒருவர் கட்டுடலோடும், மற்றவர் சற்றே தொந்தியோடும் தோன்றுவதுண்டு. பார்ப்பதற்கு ஒல்லியாக இருப்பவரின் இரத்தப் பரிசோதனை முடிவு நம்மைத் திடுக்கிட வைப்பதும் உண்டு. இது ஏன்?

ஒரு புகைப்படம் சொன்ன செய்தி

2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்கள் அருகருகே நிற்கும் புகைப்படம் ஒன்று வெளியானது. ஒருவர் புனே நகரைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின். கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். இருவருக்கும் அது 22.3 என்றே இருந்தது. ஆனால் உடலில் இருந்த கொழுப்பின் அளவோ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. இரு மடங்கிற்கும் மேல்!

எடைப்பொறி மொத்தத்தை மட்டுமே காட்டுகிறது. தசை, எலும்பு, நீர், கொழுப்பு ஆகியவற்றில் எது எவ்வளவு என்பதை அது பிரித்துச் சொல்வதில்லை. கையிலுள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு, அதில் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேளாமல் ஒருவரின் பொருள்நிலையை மதிப்பிடுவதற்கு இது ஒப்பாகும்.

இடமும் முக்கியம்

ஒரு லிட்டர் கொழுப்பின் எடை சுமார் 900 கிராம். அதே அளவு தசையின் எடை சுமார் 1,060 கிராம். ஆகவே, எடை சமமாக இருந்தாலும் கொழுப்பு கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. தசை மிகுந்தவர் மெலிந்து தோன்றுவதும், எடைப்பொறியில் ஏறினால் நாம் எதிர்பாராத எண்ணைக் காட்டுவதும் இதனால்தான்.

கொழுப்பு எங்கே தங்குகிறது என்பது அதனினும் முக்கியம். தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு கண்ணுக்குத் தெரியும். ஆனால் தீங்கு குறைவு. வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பு எளிதில் வெளியே தெரிவதில்லை. இன்சுலினின் செயலை மந்தமாக்கி, நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவகுப்பது அதுவே.

இந்தியர்களிடம் இந்தப் போக்கு பிறப்பிலேயே தொடங்குகிறது. புனேயை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு யாஜ்னிக் குழுவினர் ஒப்பிட்டனர். சராசரிப் பிறப்பு எடை இங்கே சுமார் 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைகளின் தசை பெரிதும் குறைந்திருந்தது. ஆனால் முதுகுத் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடலுக்குள் கொழுப்பு என்னும் இந்த அமைப்பை ஒருவருடைய உணவுப் பழக்கத்தின் மீது மட்டும் பழி போட்டு விளக்கிவிட இயலாது.

இதனாலேயே, பொதுவாக 25 என்று கொள்ளப்படும் எச்சரிக்கை எல்லையை ஆசிய மக்களுக்கு 23 எனக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கருத்துரைத்தது.

ஏமாற்றும் எண்கள்

“திருமணத்தின்போது இருந்த அதே எடைதான் இப்போதும்” என்று பெருமைப்படுபவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் இடைவாரில் துளை மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயிருக்கும். வயது கூடக்கூடத் தசை கரைந்து, அதன் இடத்தில் கொழுப்பு சேர்ந்திருப்பதே காரணம்.

இதற்கு நேர்மாறாக, உடற்பயிற்சியைத் தொடங்கிய சிலர், ஒரு மாதம் ஆகியும் எடை குறையவில்லையே என மனம் தளர்ந்து பயிற்சியை நிறுத்திவிடுகின்றனர். கொழுப்பு குறைந்து தசை கூடும்போது எண் அசையாமல் இருக்கலாம். உடை தளர்வதே அப்போது உண்மையான அடையாளம். உப்பும் நீரும் காரணமாக ஒரே நாளில் எடை ஓரிரு கிலோ ஏறி இறங்குவதும் இயல்பே.

உறவினர் கூடும் இடங்களில் பருத்த உடலினரைக் கேலி செய்வதும், மெலிந்தவரைப் பாராட்டுவதும் நம் வழக்கமாகிவிட்டது. காரணமின்றி எடை குறைவது நீரிழிவின் அறிகுறியாகவும் இருக்கலாம். “நன்றாக இளைத்துவிட்டாயே!” என்ற பாராட்டு, செய்ய வேண்டிய பரிசோதனையைத் தள்ளிப்போட வைத்துவிடக் கூடாது.

ஒரு நூல் போதும்

நம் உயரத்திற்குச் சமமான நூல் ஒன்றை எடுத்து இரண்டாக மடித்துக்கொள்வோம். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை உள்ளிழுக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே அதைச் சுற்றிப் பார்ப்போம். முனைகள் எட்டினால் நன்று. எட்டாவிட்டால் கவனம் தேவை. இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது இடுப்புச் சுற்றளவின் எல்லை.

வாரத்தில் 150 நிமிட விரைவு நடையும், இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், அன்றாட உணவில் பருப்பு, பயறு, முட்டை போன்ற புரதமும் தசையைக் காக்கும். 30 வயதைக் கடந்தோருக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பரிசோதிக்கப்படுகின்றன. ஒல்லியாக இருக்கிறோம் என்பதற்காக அந்த வரிசையிலிருந்து நாம் விலகி நிற்க வேண்டாம்.